அக்கிக்கு மூன்று நாள் கெடு: அம்மையும் அக்கியும் வந்த வீட்டுக்கு

அக்கி மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கான மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். கீழே எழுதியிருக்கும் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீடு குடியாத்தத்தில். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். "நர்சம்மா, பாப்பாவுக்கு அம்மா வந்துகீறா, இன்னா செய்யறது?" என்று ஒருவர் கேட்பார். "அப்பாவுக்கு இடுப்பச் சுத்தி அக்கி, எங்க போய் எழுதிக்கறது?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ்தான். அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மைதானா என்று பார்ப்பது

நம் பக்கத்தில் உடம்பில் எது தடித்தாலும் அம்மை என்றுதான் சொல்வோம். சின்னம்மை என்றால் முதலில் லேசான காய்ச்சல், உடம்பு வலி. பெரியவர்களுக்கு இது கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். பிறகு முகத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள் வரும். சில மணி நேரத்தில் அவற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அது காய்வதற்குள் பக்கத்திலேயே புதிதாகக் கிளம்பும். மூன்றாம் நாள் பார்த்தால் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி, நீர் முத்து, காய்ந்த பொருக்கு மூன்றும் கலந்து இருக்கும். அந்தக் கலப்புதான் நல்ல அடையாளம். தலைமுடியை விலக்கியும் பாருங்கள், உச்சந்தலையில் முத்து இருந்தால் பெரும்பாலும் சின்னம்மைதான். தட்டம்மையில் நீர் முத்து இருக்காது. உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகிய இடங்களில் மட்டும் கொப்புளம் என்றால் அது வேறு நோய். தக்காளிக் காய்ச்சல் என்று பேப்பரில் எழுதினார்களே, அந்த வகை.

முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இது அடுத்தவருக்கு ஒட்ட ஆரம்பித்துவிடும். கடைசி முத்தும் பொருக்கு தட்டும்வரை ஒட்டும். தொட வேண்டும் என்பதுகூட இல்லை, காற்றிலேயே பரவும். இதுவரை அம்மை வராத, தடுப்பூசியும் போடாத பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். ஒட்டியதிலிருந்து முத்து கிளம்ப 10 முதல் 21 நாள் ஆகும். அதனால்தான் பெரிய பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஓய்ந்த சமயத்தில் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு பார்க்கப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகத் துடிப்பீர்கள். ஒரு முத்தாவது ஈரமாக இருந்தால் அந்த வருஷம் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை கைக்குழந்தைகள்! பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் வந்துவிட்டால் மறைத்து அனுப்பாதீர்கள். பள்ளியில் முன்கூட்டியே சொல்லித் தனியாக உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

வேப்பிலை கட்டிய வீட்டில்

வாசலில் வேப்பிலை செருகுவது, வெளி ஆளை உள்ளே விடாமல் இருப்பது, வந்த பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பது எல்லாம் நல்ல வழக்கங்கள். ஆஸ்பத்திரியில் தனி வார்டு போட்டுச் செய்வதை நம் பாட்டிகள் மாரியம்மன் பெயரால் வீட்டிலேயே செய்தார்கள். கூழ், மோர், இளநீர், நுங்கு கொடுப்பதும் நல்லதே. வேலூர் வெயிலில், காய்ச்சலும் சேர்ந்த உடம்புக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடிக் கொடுப்பதிலும் தப்பில்லை, பிள்ளை நகத்தால் கீறாமல் இருக்கும்.

சில வழக்கங்களை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். தாளிக்கக் கூடாது என்று பத்தியம் பிடித்து, பிள்ளைக்கு வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். தாளிக்காவிட்டால் போகட்டும், பருப்பு, முட்டை, பழம், தயிர் கொடுங்கள். வாயில் புண் இருந்தால் காரமும் புளிப்பும் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் நாள்வரை உடம்பில் ஈரமே படக் கூடாது என்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் மேலுக்கு ஊற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் அரிப்பு குறையும், சீழும் பிடிக்காது. மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் என்று முறைப்படி ஊற்றுவதை அப்புறம் செய்துகொள்ளலாம். அதற்காக அதுவரை வேர்வையும் அழுக்குமாகப் போட்டு வைக்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிப்புக்குக் காலமைன் தடவலாம். தூங்க விடாமல் அரித்தால் டாக்டரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள்.

"அம்மை கண்ட வீட்டில் மாத்திரை கூடாது" என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தாராளமாகக் கொடுக்கலாம். பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுக்கக் கூடாத மாத்திரை ஒன்று உண்டு, அது ஆஸ்பிரின். தலைவலிக்கு என்று கடையில் வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறோமே, அதில் இருப்பது இதுதான். அம்மை வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் அபூர்வமாக ஈரலும் மூளையும் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும் ரேய் நோய் வரலாம். இபுபுரூஃபனும் வேண்டாம், அதைக் கொடுத்த அம்மைப் பிள்ளைகளுக்குத் தோலில் கடுமையான பாக்டீரியா தொற்று கூடுதலாக வந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான், ஒரு வாரத்தில் எழுந்து ஓடும். பெரியவர்கள் விஷயம் அப்படியில்லை. தடுப்பூசி வருவதற்கு முன் குளிர் நாடுகளில் பள்ளிக்கூட வயதிலேயே பெரும்பாலோருக்கு வந்து போய்விட்டது; நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் வராமலே வளர்ந்து, இருபது முப்பது வயதில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. நம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் சின்னம்மை வருவதைக் கவனித்து ஆய்வாளர்கள் வெங்கிட்டராமனும் ஜேக்கப் ஜானும் 1984லேயே ஆய்வு எழுதினார்கள். ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிக்கு வேனில் போகும் பெண்களோ, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளோ, "இந்த வயசுல எனக்கெங்க அம்மை வரும்" என்று இருக்க வேண்டாம். பதின்வயதைத் தாண்டியவர்களுக்கு முத்து கண்ட 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸுக்கான மாத்திரையை ஆரம்பித்தால் நோயின் கடுமை குறையும். பீடி, சிகரெட் பிடிக்கிற ஆளுக்கு நுரையீரலில் இறங்கும் அபாயம் அதிகம். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அதே மாதிரி ஓட வேண்டிய அறிகுறிகள் இன்னும் உண்டு. பிள்ளை எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடப்பது, நடை தள்ளாடுவது, ஓயாத வாந்தி, முத்துக்குள் ரத்தம் கோத்திருப்பது, முத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக வீங்குவது, விட்ட காய்ச்சல் மறுபடி அடிப்பது.

கர்ப்பிணிக்கு முத்து வரும்வரை காத்திருக்கவே கூடாது. அம்மை கண்ட ஆளோடு ஒரே அறையில் இருந்துவிட்டாள், அவளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்றால், அன்றைக்கே மகப்பேறு டாக்டரிடம் போங்கள். ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி ஊசி போடலாம்; அம்மை ஆளோடு இருந்த நாளிலிருந்து அதற்குப் பத்து நாள்தான் அவகாசம். முதல் ஐந்து மாதத்துக்குள் தாய்க்கு வந்தால் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குக் குறை ஏற்படலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்கு முத்து கிளம்பினால் பிறந்த குழந்தைக்குப் பெரிய ஆபத்து, அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும்.

வேலூர்க்காரர்களுக்கும் இங்கே வைத்தியத்துக்கு வந்து தங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குபவர்கள் பலர். அவர்களில் சிறுநீரகம் மாற்றியவர்கள் இருப்பார்கள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் பிள்ளைகள் இருப்பார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் அந்த உடம்புக்குச் சின்னம்மை சின்ன நோய் இல்லை. லாட்ஜில் தங்கியிருக்கும்போது உங்கள் பிள்ளைக்கு முத்து கண்டால் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். பொதுச் சமையலறைக்கும் மாடிக்கும் பிள்ளையை விடாதீர்கள். ஓபிக்குப் போனால் வரிசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாமல், வாசலிலேயே "அம்மை போட்டிருக்கிறது" என்று சொல்லுங்கள். தனியாக அழைத்துப் போவார்கள்.

போன அம்மை எங்கே போனது

முத்து உதிர்ந்ததும் வைரஸ் போய்விடுவதில்லை. தோலிலிருந்து நரம்பு வழியாக ஏறி, முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. நீறு பூத்த நெருப்பு. வயதாகியோ, சர்க்கரை நோயாலோ, வேறு நோயாலோ, மருந்தாலோ எதிர்ப்பு தளரும்போது ஏதாவது ஒரு முடிச்சில் மறுபடி கிளம்பி, அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்குகிறது. அதுதான் அக்கி.

இதை ஊன்றிக் கவனித்துச் சொன்னவர் இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் குடும்ப டாக்டர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். 1947 முதல் 1962 வரை தன்னிடம் வந்த அக்கி நோயாளி ஒவ்வொருவரையும் குறித்து வைத்தார், மொத்தம் 192 பேர். வயது ஏற ஏற அக்கி கூடுகிறது. ஊரில் அம்மை பரவும்போது அதோடு சேர்ந்து அக்கி பெருகுவதில்லை. எனவே இது வெளியிலிருந்து ஒட்டுவதில்லை, உள்ளே உறங்கிய வைரஸ்தான் விழிக்கிறது என்று 1965ல் எழுதினார். பிறகு 1984ல், ஒரே ஆளின் அம்மையிலிருந்தும் பின்னால் வந்த அக்கியிலிருந்தும் எடுத்த வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கையில் ரெஜிஸ்டரோடு வீடு வீடாகப் போன எனக்கு அந்தச் சிற்றூர் டாக்டர் மேல் தனி மரியாதை உண்டு. பெரிய ஆய்வகம் எதுவும் அவரிடம் இல்லை. ஒரு நோயாளியையும் விடாமல் எழுதி வைத்தார்.

வீட்டுக்கு இதனால் என்ன பயன்? அக்கி வந்த தாத்தாவிடமிருந்து யாருக்கும் அக்கி ஒட்டாது. ஆனால் அவருடைய கொப்புள நீர் பட்டால், அம்மையே வராத பேரனுக்கு அம்மை வரலாம். கொப்புளத்தைத் துணியால் மூடி, துண்டைத் தனியாக வைத்து, கை கழுவினால் போதும். தாத்தாவைத் திண்ணையில் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

அக்கியைப் பிடிப்பது

முதலில் வருவது வலிதான். கொப்புளம் இரண்டு மூன்று நாள் கழித்து வரும். இங்கேதான் நாள் வீணாகிறது. எங்கள் தெருவில் லுங்கித் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், இடது மார்புக்குக் கீழே சுருக்கு சுருக்கென்று குத்துகிறது என்று மாரடைப்புக்குப் பயந்து ஈசிஜி எடுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. தறியில் குனிந்து உட்கார்ந்த பிடிப்பு என்று ஒரு மருந்துக்கடையில் தைலம் கொடுத்தார்கள். தைலம் தேய்த்த இடம் எரிகிறது, பனியன் பட்டால்கூடத் தாங்கவில்லை என்று என்னிடம் வந்தார். சட்டையைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் திரும்பி நிற்கச் சொன்னேன். முதுகுத்தண்டுக்கு இடப்பக்கம் ஒரு சிவந்த திட்டு; அதன்மேல் கடுகளவு நீர் முத்துகள் கொத்தாக. விலா எலும்பின் வாட்டத்திலேயே இன்னொரு கொத்து. முன்பக்கம் நெஞ்சின் நடுக்கோட்டுக்கு வந்ததும் வெட்டினாற்போல் நின்றுவிட்டது. வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

ஒரே பக்கம், ஒரே பட்டை, கொத்துக் கொத்தாக முத்து, அதற்கு முன்பே எரிச்சல். இந்த நான்கும் சேர்ந்தால் அக்கி. பெரியவர் அன்று மாலையே மாத்திரை ஆரம்பித்தார், வலி நீளாமல் தப்பித்தார்.

டாக்டர் எழுதுவது பெரும்பாலும் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம், மூன்று வேளை. ஐந்து வேளை என்றதும் பலர் மூன்றாகக் குறைத்துவிடுகிறார்கள். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று செல்போனில் அலாரம் வைத்து, வீட்டில் ஒரு பேரப்பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேளையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கும். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். இந்த அசைக்ளோவிர் வந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988ல் நோபல் பரிசு கிடைத்தது. 72 மணி நேரம் தாண்டிவிட்டது, ஆனால் புதுக் கொப்புளம் இன்னும் கிளம்புகிறது என்றாலும் போங்கள், அப்போதும் மருந்து கொடுப்பார்கள்.

முகத்தில் வந்தால் மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, அந்த மணி நேரமே கிளம்புங்கள். நெற்றியில் கொப்புளம், மூக்கு நுனியிலும் ஒன்று என்றால் கண்ணுக்குள்ளும் இறங்க வாய்ப்பு அதிகம், கண் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். காதுக்குள் கொப்புளமும் வாய் ஒரு பக்கம் கோணுவதும் சேர்ந்து வந்தாலும் அந்த மணி நேரமே கிளம்புங்கள்.

இனி, அக்கி எழுதுவது. காவியைக் குழைத்துச் சிங்கமும் நாயும் எழுதும் குயவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். எழுதினால் மனசுக்குத் தைரியம் வருகிறது என்று நோயாளி சொன்னால் நான் வாதாடுவதில்லை. இரண்டே கேட்பேன். எழுதப் போகும் முன் மாத்திரை வாயில் போயிருக்க வேண்டும். உடைந்து ஈரமாக இருக்கும் கொப்புளத்தின் மேல் காவி படக் கூடாது, சுற்றியுள்ள நல்ல தோலில் எழுதட்டும். எழுதுபவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க" என்று அவர்களே இப்போது சொல்லி அனுப்புகிறார்கள். நாள் பார்த்து, வெள்ளிக்கிழமைதான் எழுதணும் என்று காத்திருப்பதுதான் வேண்டாம்.

கொப்புளம் ஆறிய பிறகும் வலி நிற்காமல் மூன்று மாதம் தாண்டினால் அது நரம்பு பழுதுபட்ட வலி. முதியவர்களை இது படுத்தும் பாடு சொல்லி மாளாது. ஜாக்கெட் ஊக்கு உரசினாலே அழுவார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள்; முதல் சில நாள் தலை சுற்றும், தூக்கம் வரும், ராத்திரி எழுந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். பழைய வேட்டித் துணி மாதிரி துவைத்து மெத்தென்று ஆனதை மட்டும் மேலே படவிடுங்கள். "கொப்புளம்தான் போயிடுச்சே, இன்னும் என்ன வலி" என்று மட்டும் கேட்காதீர்கள். வலி நிஜம்.

நாற்பது வயதுக்குள் அக்கி வந்தாலோ, இரண்டாம் முறை வந்தாலோ, எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வார்கள். கோபப்பட வேண்டாம். எதிர்ப்பு ஏன் தளர்ந்தது என்று தேடுகிறார்கள், அவ்வளவே. 1986ல் டாக்டர் சுனிதி சாலமன் சென்னையிலிருந்து அனுப்பிய ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்ஐவி இருப்பதை முதலில் கண்டது நம் வேலூர் சிஎம்சி ஆய்வகம்தான். இன்றைக்கு அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, இலவசமாகவே. சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் தொடங்கலாம்.

தடுப்பூசி

சின்னம்மைக்கான தடுப்பூசியை 1974ல் ஜப்பானில் மிச்சியாகி தகாஹாஷி உருவாக்கினார். தன் மகன் சின்னம்மையில் பட்ட அவஸ்தையைப் பார்த்தவர் அவர். அரசின் இலவசப் பட்டியலில் இது இல்லை, தனியாரிடம்தான் போட வேண்டும். குழந்தைக்கு 15 மாதத்தில் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் இரண்டாவது. அம்மை வராத பெரியவர்களுக்கும் நான்கிலிருந்து எட்டு வாரம் விட்டு இரண்டு ஊசி. உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டதும், வராத மற்றவர்கள் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் போட்டுக்கொண்டால்கூடப் பலருக்குத் தடுத்துவிடும்.

அக்கிக்கு வேறு ஊசி. இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் அக்கியை 97 சதவீதம் தடுத்தது என்று 2015ல் வெளியானது. இந்தியாவுக்கு 2023ல் வந்தது. வேல்ஸ் நாட்டில் பழைய வகை அக்கி ஊசி போட்ட முதியவர்களுக்கு ஏழு ஆண்டில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2025ல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல செய்தி, ஆனாலும் அக்கியைத் தடுக்கவே இதைப் போடச் சொல்கிறேன். விலை அதிகம் என்பது உண்மை. குடும்பத்தில் எல்லோருக்கும் முடியாவிட்டால், சர்க்கரை உள்ளவர், புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு முதலில் போடுங்கள். இரண்டு ஊசிக்கு நடுவில் இரண்டிலிருந்து ஆறு மாதம். போட்ட கையில் ஓரிரு நாள் வலியும் லேசான காய்ச்சலும் இருக்கும், அதைப் பார்த்து இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். இப்போதுதான் அக்கி வந்து போனது என்றால் முழுக்க ஆறட்டும், எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு, தேதியை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.